பெயரடையும் அதன் வேற்றுமைத் துணையும்: ஆங்கில முன்னுருபுத் தொடர்களும் கேரள எல்லைப்பகுதித் தமிழும்

1. முன்னுரை

அன்றாட ஆங்கிலத்தில் பெயரடைகள் பல தனித்து நில்லாமல் ஒரு முன்னுருபுத் தொடரைத் துணையாக வேண்டி நிற்கின்றன. 'அஃப்ரெய்ட்' என்னும் பெயரடை 'ஆஃப்' என்பதையும், 'ஆங்கிரி' என்பது 'வித்' என்பதையும், 'ஃபேமஸ்' என்பது 'ஃபார்' என்பதையும் வேண்டும். தமிழ்வழிப் பள்ளிகளிலும் மொழிபெயர்ப்புப் பயிற்சியிலும் இத்தொடர்கள் விளக்கப்படும் முறை பெரும்பாலும் ஒரு நிகரன் பட்டியலைச் சார்ந்தே அமைகிறது. 'ஆஃப்' என்றால் 'உடைய', 'வித்' என்றால் 'உடன்', 'அட்' என்றால் 'இல்', 'ஃபார்' என்றால் 'க்காக' என்பது அப்பட்டியல்.

இப்பட்டியலின் போதாமையை எடுத்துக்காட்டுவதும், அதன் விளைவுகள் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ் வழங்கும் எல்லைப்பகுதிகளில் எவ்வாறு கூர்மையடைகின்றன என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் போன்ற ஊர்களிலும் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்றும் ஒரே மாணவரின் நாவிலும் ஏட்டிலும் சந்திக்கின்றன. ஆகவே ஒரு பெயரடையின் துணை எது என்னும் வினா இங்கு மும்முனை வினாவாகிறது.

மலையாளத் தொடர்கள் இக்கட்டுரையில் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. உடுக்குறி (*) பொருந்தா வடிவத்தைக் குறிக்கும்.

2. ஆங்கிலத்தில் இணைவின் இருவகை

பெயரடையை அடுத்து வரும் முன்னுருபுத் தொடர்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. 'ஹேப்பி இன் த மார்னிங்' என்னுமிடத்தில் 'இன்' என்பதைப் பெயரடை தேர்ந்தெடுக்கவில்லை. காலத்தைச் சுட்ட விரும்பிய பேசுவோர் தேர்ந்தெடுக்கிறார். அப்பெயரடையை நீக்கி வேறு எதனை வைத்தாலும் 'இன் த மார்னிங்' மாறாது நிற்கும். 'ஃபாண்ட் ஆஃப் மியூசிக்' என்னுமிடத்திலோ 'ஆஃப்' என்பதைத் தேர்வது பெயரடையே. 'ஃபாண்ட்' என்பதை நீக்கி 'கீன்' என்பதை வைத்தால் முன்னுருபும் 'ஆன்' என மாறிவிடும். முன்னதைக் கட்டற்ற இணைவு என்றும் பின்னதைக் கட்டுண்ட இணைவு என்றும் வழங்கலாம்.

ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்போர்க்கு இக்கட்டுண்ட இணைவே இடர் தருவது என்பதை அகராதியாளர் முன்பே உணர்ந்தனர். ஏ. எஸ். ஹார்ன்பி 1954இல் வெளியிட்ட ஆங்கிலத் தொடரமைப்பு நூல் சொற்களின் அமைப்புமுறைகளை வகைப்படுத்திக் காட்டியது. மார்ட்டன் பென்சன், ஈவ்லின் பென்சன், ராபர்ட் இல்சன் ஆகியோர் 1986இல் வெளியிட்ட பிபிஐ சொல்லிணைவு அகராதி இலக்கணவகை இணைவுகளை எட்டாகப் பகுத்து, பெயரடையும் முன்னுருபும் சேரும் இணைவை அவற்றுள் ஐந்தாவதாக வைத்தது. சொல்லின் பொருளைத் தந்தால் மட்டும் போதாது, அது எதனோடு சேரும் என்பதையும் தரவேண்டும் என்பதே இவர்களது அடிப்படை.

ஒரே பெயரடை பல முன்னுருபுகளை ஏற்றுப் பொருள் மாறுவதும் உண்டு. 'குட்' என்பதைக் காண்க.

(1) 'குட் அட் மேத்ஸ்' - கணக்கில் கெட்டிக்காரி
(2) 'குட் ஃபார் த ஐஸ்' - கண்ணுக்கு நல்லது
(3) 'குட் டு மீ' - என்னிடம் அன்பாக நடந்துகொள்பவர்
(4) 'குட் வித் சில்ட்ரன்' - குழந்தைகளோடு பழகத் தெரிந்தவர்

ஆங்கிலத்தில் பெயரடை மாறாமல் நிற்க, முன்னுருபு மாறிப் பொருளை வேறுபடுத்துகிறது. தமிழில் வேற்றுமை மாறுவதோடு தலைமைச் சொல்லும் மாறிவிடுகிறது: கெட்டிக்காரி, நல்லது, அன்பாக நடந்துகொள்பவர், பழகத் தெரிந்தவர். ஆங்கிலம் முன்னுருபிடம் ஒப்படைக்கும் பணியின் பெரும்பகுதியைத் தமிழ் தலைமைச் சொல்லிடம் ஒப்படைக்கிறது என்பது இதனால் பெறப்படும். மொழிபெயர்ப்பின் அலகு பெயரடை தனியாகவும் முன்னுருபு தனியாகவும் அமைய இயலாது. இரண்டும் சேர்ந்த இணைவே அலகாகும்.

3. நிகரன் பட்டியலின் குறை

கட்டற்ற இணைவுகளில் நிகரன் பட்டியல் பெரிதும் பயன்படும். 'அட் சித்தூர்' என்பது 'சித்தூரில்' ஆவதில் சிக்கலில்லை. கட்டுண்ட இணைவுகளிலும் சிற்சில இடங்களில் அது தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. 'குட் அட்' என்பதற்குக் 'கணக்கில்' என வருவது அத்தகையது. இத்தற்செயல் பொருத்தமே பட்டியலின் குறையை மறைத்துவிடுகிறது எனலாம். பொருந்தா இடங்கள் வருமாறு:

(5) 'ஃபுல் ஆஃப் வாட்டர்' - நீர் நிறைந்த குடம்; *நீருடைய நிறைந்த குடம்
(6) 'ரிச் இன் புரோட்டீன்' - புரதம் மிகுந்த பயறு. புரதத்தில் வளமான பயறு
(7) 'டயர்ட் ஆஃப் ஹியரிங்' - கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிற்று, கேட்பதில் களைப்படைந்தேன்
(8) 'ஃபேமஸ் ஃபார்' - சந்தனத்துக்குப் பெயர்பெற்ற மறையூர். சந்தனத்துக்காகப் பெயர்பெற்ற மறையூர்

(5) இல் ஆங்கில முன்னுருபின் கீழ் நிற்கும் 'நீர்' தமிழில் 'நிறைந்த' என்னும் பெயரெச்சத்தின் எழுவாயாகிவிடுகிறது, உருபுக்கே இடமில்லை. (7) இல் முன்னுருபின் பணியை அடுக்கி வரும் வினையெச்சம் மேற்கொள்கிறது. (6), (8) ஆகியவற்றின் இரண்டாம் வடிவங்கள் தவறெனத் தள்ளப்படுவதில்லை. செய்தித்தாளிலும் விளம்பரத்திலும் இடம்பெற்று, எழுத்துத் தமிழின் இயல்பு வடிவங்களாகவே ஏற்கப்படுகின்றன.

இவ்வேறுபாட்டின் வேர் பெயரடையின் இயல்பிலேயே உள்ளது. திராவிட மொழிகளில் பெயரடையின் பணியைப் பெரும்பாலும் பண்புப் பெயர்களும் பெயரெச்சங்களுமே செய்கின்றன என்னும் கருத்தைக் கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தில் (1856) முன்வைத்தார். 'நல்ல', 'பெரிய', 'புதிய' போன்ற சில நீங்கலாக, தற்காலத் தமிழ்ப் பெயரடைகள் 'ஆன', 'உள்ள' முதலியவை சேர்ந்து பெயரினின்று பிறப்பவை. அல்லது 'நிறைந்த', 'மிகுந்த' போன்ற பெயரெச்சங்கள். எனவே தமிழில் துணையைத் தேர்வது ஆங்கிலத்திற் போலப் பெயரடை என்னும் சொல்வகை அன்று. அதனுள் ஒளிந்திருக்கும் பெயரோ வினையோ ஆகும்.

இடமும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் 'ப்ரௌட் ஃபாதர்' எனப் பெயரடை பெயருக்கு முன் நிற்கும். ஆனால் 'ஆஃப் ஹிஸ் சன்' என்னும் துணை சேர்ந்தவுடன் தொடர் முழுவதும் பெயருக்குப் பின் சென்றுவிடும். தமிழிலோ 'மகனைக் குறித்துப் பெருமைகொண்ட தந்தை' எனத் துணை, பெயரெச்சம், பெயர் என்னும் வரிசை மாறுவதேயில்லை.

4. உணர்வுப் பெயர்களும் நான்காம் வேற்றுமையும்

அச்சம், சினம், விருப்பம், பொறாமை முதலிய உணர்வுகளைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடைகளில் உணர்வோர் எழுவாயாகவும் உணர்வின் இலக்கு முன்னுருபுத் தொடராகவும் வருதல் பொதுவிதி. தமிழில் இருவகை அமைப்புகள் உள.

(9) அவன் நாய்க்குப் பயப்படுகிறான்.
(10) அவனுக்கு நாயென்றால் பயம்.
(11) அவனுக்கு அப்பாவிடம் பயம்.
(12) *அவனுக்கு நாய்க்குப் பயம்.

(9) இல் வினை உள்ளது, உணர்வோர் எழுவாய், இலக்கு நான்காம் வேற்றுமை ஏற்கிறது. (10), (11) ஆகியவற்றில் பயனிலை பெயர். உணர்வோரே நான்காம் வேற்றுமை ஏற்றுவிடுகிறார். அவ்விடம் நிரம்பிவிட்டமையால் இலக்கு அதே உருபை ஏற்க இயலாது 'என்றால்', 'இடம்', 'மேல்', 'கண்டு' முதலியவற்றை நாடுகிறது. (12) பொருந்தாமைக்குக் காரணம் இதுவே. நோக்கப்பொருளில் வரும் நான்காம் வேற்றுமை ('எனக்கு அதற்கு நேரமில்லை') இவ்வரையறைக்கு உட்படாது. உணர்வுப் பெயர்களின் இலக்குக்கே இது உரியது.

ஆகவே 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்பதற்குத் தமிழில் எந்த உருபு வரும் என்று கேட்பது பிழையான வினா. உணர்வோர் எவ்வேற்றுமையில் நிற்கிறார் என்பதை அறிந்த பின்னரே இலக்கின் உருபைக் கூற இயலும். நிகரன் பட்டியல் இவ்விரு இடங்களின் உறவைக் காட்ட வல்லதன்று.

5. மும்மொழிச் சந்திப்பு

மலையாளத்திலும் உணர்வோர் நான்காம் வேற்றுமை ஏற்பதே வழக்கு. ஆனால் இலக்கின் உருபுகள் தமிழினின்று வேறுபடுகின்றன.

(13) 'எனிக்குப் பட்டியெப் பேடியாணு' - எனக்கு நாயென்றால் பயம்.
(14) 'எனிக்கு அவனெ இஷ்டமாணு' - எனக்கு அவனைப் பிடிக்கும்.
(15) 'எனிக்கு அவனோடு தேஷ்யமாணு' - எனக்கு அவன் மேல் கோபம்.
(16) 'எனிக்கு அவனோடு அசூயயாணு' - எனக்கு அவன் மேல் பொறாமை.

'பேடி', 'இஷ்டம்' ஆகிய பெயர்கள் இரண்டாம் வேற்றுமை இலக்கை ஏற்கின்றன. பொது எழுத்துத் தமிழில் 'பிடிக்கும்', 'தெரியும்' போன்ற வினைகளுடன் இவ்வமைப்பு இயல்பாக வர, 'பயம்' போன்ற பெயர்களுடன் வருவதில்லை. சினமும் பொறாமையும் மலையாளத்தில் 'ஓடு' உருபை ஏற்கின்றன. 'அவனோடு சோதிச்சு' என வினவப்படுவோரைக் குறிக்கவும் இவ்வுருபே வருவது நோக்கத்தக்கது. தமிழில் அது 'அவனிடம் கேட்டான்' என்றாகும். தமிழின் 'ஓடு' உருபைவிட மலையாளத்தின் 'ஓடு' பரந்த எல்லையுடையது என்பது இதனால் தெளிவாகும்.

'ஆங்கிரி வித்' என்னும் தொடரை இப்பின்னணியில் நோக்கினால் ஒரு சிறப்பு நிலை புலப்படும். ஆங்கிலத்தின் 'வித்' உடனிகழ்ச்சிப் பொருளது. மலையாளத்தின் 'ஓடு' உருபும் அவ்வழி வந்ததே. இரு மொழிகளும் ஒரு பக்கம் சாய, தமிழ் மட்டும் 'மேல்' என்கிறது. தேவிகுளத்தில் தமிழ்வழி பயிலும் மாணவர் ஒருவர் 'அவனோடு கோபம்' என எழுதினால், அதற்கு இருபுறத் துணை உண்டு.

எனினும் 'அவனோடு கோபம்' தமிழுக்கு முற்றிலும் அயலானது அன்று. 'அவனோடு சண்டை', 'அவனோடு பகை', 'அவனோடு பிணக்கு' என இருவரும் பங்குகொள்ளும் உறவுகளில் 'ஓடு' தமிழில் இயல்பானது. 'என்னோடு கோபமா?' என்று பேச்சில் கேட்கும்போது, உணர்வைவிட இருவருக்கிடையே பேச்சு நின்றுபோன நிலையே முதன்மை பெறுகிறது. ஒருவழி உணர்வுக்கு 'மேல்', இருவழி உறவுக்கு 'ஓடு' என்பது தமிழின் பாகுபாடு. எல்லைப்பகுதி மாணவர்க்குக் கற்பிக்க வேண்டியது இப்பாகுபாடே. 'ஓடு' தவறு என்னும் தடை அன்று.

மறுபுறம், (5), (7), (8) ஆகிய இடங்களில் மலையாளம் தமிழோடு ஒன்றி நிற்கிறது. 'வெள்ளம் நிறஞ்ஞ குடம்', 'கேட்டு மடுத்து', 'சந்தனத்தினு பேருகேட்ட' என்னும் வடிவங்கள் முறையே எழுவாய், வினையெச்சம், நான்காம் வேற்றுமை ஆகியவற்றைத் தமிழைப் போலவே ஆள்கின்றன. இவ்விடங்களில் மலையாள அறிவு தமிழ் மாணவரை ஆங்கில நிகரன் பட்டியலினின்று காக்கும் அரணாகிறது. பிறமொழித் தாக்கம் எப்போதும் கேடு விளைப்பது என்னும் பொதுக்கருத்து இங்கு மறுபரிசீலனைக்கு உரியது.

6. பிழை என்னும் தீர்ப்பு

எல்லைப்பகுதித் தமிழைப் பற்றிய மதிப்பீடுகளில் 'மலையாளக் கலப்பு' என்னும் தீர்ப்பு எளிதாக வழங்கப்படுகிறது. 'எனக்கு நாயைப் பயம்' என மாணவர் எழுதினால் அது உடனே சுழிக்கப்படும். அதே விடைத்தாளில் 'புரதத்தில் வளமான பயறு' என இருந்தால் அது கண்ணில் படாமலே போகும். முன்னதில் அயல்மை வெளிப்படையாகத் தெரிகிறது. பின்னதில் அயல்மை எழுத்துத் தமிழின் மதிப்பால் மறைக்கப்படுகிறது.

தமிழ் இலக்கண மரபைக் கொண்டு இத்தீர்ப்பைச் சோதிப்பது பயனுடையது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வேற்றுமையியலில் ஐந்தாம் வேற்றுமைக்குரிய பொருள்களாக வண்ணம், வடிவு, அளவு, சுவை முதலாக நன்மை, தீமை, புதுமை, பழமை எனப் பண்புகளின் நீண்ட பட்டியல் ஒன்று தரப்படுகிறது. பண்புச்சொல் தனக்குரிய வேற்றுமைத் துணையைத் தேரும் என்னும் உண்மையை அந்நூல் உணர்ந்திருந்தது என்பதற்கு இது சான்று. அப்பட்டியலில் அச்சமும் உண்டு. மேலும் வேற்றுமை மயங்கியலில், அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் ஒருங்கே உரியன என விதிக்கப்படுகிறது. 'புலியின் அஞ்சும்', 'புலியை அஞ்சும்' என இரண்டும் நேர் நிற்கும்.

இவ்விதி அஞ்சுதல் என்னும் வினையை மையமாகக் கொண்டது. உணர்வோர் நான்காம் வேற்றுமையில் நிற்கும் 'எனக்கு நாயைப் பயம்' என்பதன் அமைப்பு வேறு. எனவே தொல்காப்பியத்தைக் காட்டி அவ்வடிவத்தைத் தற்காலப் பொதுத்தமிழ் ஆக்கிவிட இயலாது. ஆயினும் அச்சத்தின் இலக்கை இரண்டாம் வேற்றுமையால் குறிப்பது தமிழின் இயல்புக்கு மாறானது என்னும் வாதம் நிலைக்காது. தமிழுக்கு உரியதாயிருந்த ஒரு வாய்ப்பு மலையாளத்தில் பெயருடனும் பரவி நிலைபெற்றது. பொதுத்தமிழில் அச்சத்தின் இலக்குக்கு நான்காம் வேற்றுமையும் சொல்லுருபுகளும் முன்வந்தன. எல்லைப்பகுதி வடிவம் 'பொது எழுத்துவழக்கில் இவ்வாறு எழுதுவதில்லை' என்னும் விளக்கத்துக்கு உரியது. 'இது தமிழே அன்று' என்னும் தீர்ப்புக்கு உரியதன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு, தன் வீட்டுமொழியைப் பற்றி ஒரு மாணவர் கொள்ளும் மதிப்பின் தொலைவாகும்.

7. அலுவல் மொழிபெயர்ப்பில் பொருட்கேடு

இச்சிக்கல் வகுப்பறையோடு முடிவதில்லை. 1956 நவம்பர் 1இல் மாநில மறுசீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசுடன் தத்தம் மொழியில் தொடர்புகொள்ளவும் அம்மொழியில் மறுமொழி பெறவும் வழிவகுத்தது. இவ்வுரிமை பொருள் பெறுவது, வரும் மறுமொழியின் தமிழ் ஐயத்துக்கு இடமின்றி அமையும்போதுதான்.

'ட்யூ' என்னும் பெயரடையைக் கொள்க. 'ட்யூ டு த வொர்க்கர்' என்றால் தொழிலாளிக்குச் சேரவேண்டிய தொகை; 'ட்யூ ஃப்ரம் த வொர்க்கர்' என்றால் தொழிலாளியிடமிருந்து வரவேண்டிய தொகை. பணம் எத்திசையில் செல்லும் என்பதை ஆங்கிலத்தில் முன்னுருபு ஒன்றே முடிவுசெய்கிறது. பெயரடையை மட்டும் பெயர்த்துத் 'தொழிலாளியின் பாக்கி' என எழுதினால், கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பதே மறைந்துவிடும். தோட்டக் கணக்கேட்டிலும் கூட்டுறவுச் சங்க அறிவிப்பிலும் இது சொல்லாராய்ச்சியாக மட்டும் நின்றுவிடாது. 'சேரவேண்டிய', 'வரவேண்டிய' என வினையை மாற்றுவதே தமிழின் வழி.

'ரெஸ்பான்சிபிள்' என்பது இதனினும் நுட்பமானது. அரசமைப்பின் 75(3) ஆம் கூறு ஒன்றிய அமைச்சரவையையும், 164(2) ஆம் கூறு மாநில அமைச்சரவையையும் முறையே மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் கூட்டாகப் பொறுப்புடையன என்கின்றன. ஆங்கிலத்தில் அங்கு வருவது 'டு'. 'ஃபார்' வந்திருப்பின் பொருள் தலைகீழாகும். தமிழிலோ இரண்டுக்கும் 'கு' உருபே வரும்:

(17) இப்பணிக்கு அவர் பொறுப்பு. ('ஃபார்')
(18) அமைச்சரவை மக்களவைக்குப் பொறுப்பு. ('டு')

(18) ஐ முன்னறிவில்லாதவர் (17) போலப் படித்தால், மக்களவையை நடத்தும் பொறுப்பு அமைச்சரவையுடையது எனக் கொள்ள இடமுண்டு. யாரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்னும் மக்களாட்சியின் அடிப்படையே இவ்வுருபில் தங்கியுள்ளது. 'மக்களவைக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டது' எனத் தலைமைச் சொல்லை மாற்றினால் ஐயம் நீங்கும். இரண்டாம் பகுதியில் 'குட்' என்பதைக் கொண்டு பெறப்பட்ட முடிவு இங்கும் உறுதிப்படுகிறது: ஆங்கில முன்னுருபு மாறும்போது தமிழில் மாறவேண்டியது பெரும்பாலும் தலைமைச் சொல்லே.

8. அகராதிப் பதிவு

சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் வெளியிட்ட ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியம் தலைச்சொல்லுக்குத் தமிழ் நிகரன்களைத் தொகுத்துத் தருவதில் பெரும்பணி ஆற்றியது. 1992இல் வெளிவந்து 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் விரிவாக்கம் பெற்ற க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களைத் தந்து சொல்லின் வழக்கைக் காட்டியது. இவ்விரு மரபுகளும் இணையும் இடத்தில்தான் பெயரடை இணைவுக்கான பதிவு அமைய வேண்டும். மாதிரியாக ஒன்று:

'ஆங்கிரி' - (அ) 'வித்' + ஆள்: (ஒருவருக்கு) -மேல் / -மீது கோபம், -ஐக் கோபித்துக்கொள். (ஆ) 'அபௌட்' + நிகழ்ச்சி: -ஐக் குறித்துக் கோபம். குறிப்பு: பேச்சற்ற நிலையைச் சுட்டினால் -ஓடு.

உணர்வோரின் வேற்றுமை, இலக்கின் வேற்றுமை, தலைமைச் சொல் ஆகிய மூன்றும் இதில் ஒருங்கே கிடைக்கின்றன. எல்லைப்பகுதிப் பள்ளிகளுக்கெனத் தயாரிக்கும் துணைநூலில் மலையாள வடிவமும் நான்காவது பத்தியாக அமையலாம். மாணவர் அறிந்த ஒன்றை மறைத்து வைப்பதைவிட, அதனை ஒப்பிட்டுக் காட்டுவதே கற்றலை எளிதாக்கும்.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். ஆங்கிலத்தில் பெயரடை தேரும் முன்னுருபுக்குத் தனி நிகரன் தேடுவது கட்டற்ற இணைவுகளுக்கே பொருந்தும். தமிழில் அவ்விணைவின் பொருளை வேற்றுமை, சொல்லுருபு, வினையெச்சம் ஆகியவற்றோடு தலைமைச் சொல்லின் மாற்றமும் சேர்ந்து உணர்த்துகிறது. உணர்வுப் பெயர்களில் உணர்வோரின் வேற்றுமையே இலக்கின் வேற்றுமையை வரையறுக்கிறது. பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதித் தமிழில் மலையாளச் சாயல் சில இடங்களில் தமிழின் பழைய வாய்ப்புகளை ஒத்தும், சில இடங்களில் ஆங்கிலச் சாயலுக்கு அரணாகவும் நிற்கிறது. சுழிக்கும் கை இரு சாயல்களையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். அவ்வாறு அளக்கும்போது, திருத்தத்தின் பெரும்பகுதி எல்லையிலுள்ள மாணவரின் ஏட்டைவிட, அவருக்குக் கொடுக்கப்பட்ட நிகரன் பட்டியலுக்கே தேவைப்படும்.